கை எட்டாத இடம்

அம்மா ஓங்கிய இரும்புப் படி பாதி வழியில் நின்றுவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளக்கிற படி அது. பாஞ்சாலை வழக்கம்போல் தலையைத் தாழ்த்தி, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடி வாங்குவதில் அவளுக்கு நல்ல பழக்கம். முதுகைக் கொடுத்து முகத்தைக் காப்பாற்றிக்கொள்வாள். அழமாட்டாள். அடித்து முடித்ததும் எந்தக் காயில் கை நின்றதோ அதிலிருந்தே மறுபடி உடைக்கத் தொடங்குவாள். அன்றைக்கு அடி விழவில்லை. அம்மா குனிந்து அவள் காதுக்குக் கீழே உற்றுப் பார்த்தாள். சடையை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தாள், தாவணியை விலக்கித் தோளைப் பார்த்தாள். பிறகு படியைச் சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள்.

"தாயே, தெரியாம கைய ஓங்கிட்டேன். மன்னிச்சிக்கோ தாயே."

பாஞ்சாலை பிடரியில் கோத்த கையை எடுக்கவில்லை. அம்மா யாரிடம் பேசுகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அது எழுபத்தாறாம் வருஷம், பங்குனி. எனக்குப் பதினொரு வயது, பாஞ்சாலைக்குப் பதினாலு. மூன்று வயது மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவள் என் அப்பாவின் தங்கை சரசு அத்தையின் மகள். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட சரசு அத்தை சீக்கில் விழுந்து செத்துப்போனாள். வருஷம் திரும்புவதற்குள் அவள் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, 'நாலு நாளைக்கு இருக்கட்டும் மச்சான்' என்று பெண்ணை அப்பாவிடம் விட்டுப் போனான். நாலு நாள் பத்து வருஷமாகியிருந்தது. அப்பா இருசப்பன், மண்டியில் எடை போடுகிறவர். ஊரார் மூட்டைகளையெல்லாம் சரியாக நிறுக்கிற மனுஷன், வீட்டில் ஏதாவது நடந்தால் வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு பீடி குடிப்பார். கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால், அடிவாரத்தை ஒட்டி எங்கள் வீடு. வாசலில் நின்றால் மலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அம்மா ராஜம்மாள் எண்ணெய் மில்லிலிருந்து மல்லாட்டை மூட்டை எடுத்துவந்து கூலிக்கு உடைத்துக் கொடுப்பாள். அம்மா எடுத்து வருவாள், பாஞ்சாலை உடைப்பாள் என்று சொன்னால் சரியாக இருக்கும். கருவி ஒன்றும் கிடையாது, கட்டைவிரல்தான். ஓட்டின் மூக்கில் நகத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் டக்கென்று வாயைத் திறக்கும். நானெல்லாம் ஒரு முறம் உடைப்பதற்குள் விரலை ஊதிக்கொண்டு எழுந்துவிடுவேன். பாஞ்சாலையின் வலது கட்டைவிரல் நகம் வேறு மாதிரி இருந்தது. மஞ்சள் பாரித்து, தடித்து, நுனி கொஞ்சம் உள்ளே வளைந்து, அவளோடு சேர்ந்து பிறந்ததுபோலவே இல்லை. பருப்பு நசுங்கினால் அடி, ஓட்டோடு பருப்பு போனால் அடி. அம்மா என்னையும் அடிப்பாள். என்னைக் கையால், அவளைப் படியால். மற்றபடி யாரையும் மடியில் போட்டுக் கொஞ்சுகிறவள் இல்லை அம்மா. அவள் கை என் தலையில் கடைசியாக எப்போது பட்டது என்று கேட்டால் பேன் பார்த்த நாளைத்தான் சொல்வேன்.

அப்படிப்பட்ட அம்மாதான் பாஞ்சாலைக்கு அம்மை கண்டிருந்த அந்தப் பதினொரு நாளும் குரலைத் தணித்துப் பேசினாள். வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. மல்லாட்டை மூட்டைகளை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினாள். கூடத்தின் ஓரத்தில் பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டி, புதுப்பாயில் வேப்பிலை பரப்பி, பாஞ்சாலையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். உடம்பெல்லாம் முத்து முத்தாகப் போட்டிருந்தது. அரிக்கிற இடத்தில் வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொடுத்துக்கொண்டே, "இன்னா வோணும் தாயே? எளநி வோணுமா? நுங்கு வோணுமா? வாயத் தெறந்து சொல்லு தாயே" என்பாள். எங்கள் வீட்டில் பாஞ்சாலையிடம் அதுவரை யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. அவள் முதல் மூன்று நாள் பதிலே சொல்லவில்லை. நான்காம் நாள் மத்தியானம், சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"கொஞ்சம் எங்கிட்ட படுத்துக்கோ அத்த."

அம்மா படுத்துக்கொண்டாள். நான் சேலையை விலக்கிப் பார்த்தேன். அம்மாவின் கை அவள் வயிற்றின்மேல் கிடந்தது. பாஞ்சாலை தூங்கவில்லை. கண்ணை அகலத் திறந்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விட்டால் அம்மாவின் கை நழுவிவிடுமோ என்பதுபோல அசையாமல் கிடந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பொறாமையில் எரிந்தது. எனக்கும் அம்மை வரவேண்டும் என்று அவள் குடித்துவிட்டு வைத்த இளநீரின் மிச்சத்தைக் குடித்தேன். அவள் பாயில் உதிர்ந்த பக்குகளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துப் பார்த்தேன். ஒரு முத்துகூட எனக்குப் போடவில்லை.

மூன்றாம் தண்ணி ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அம்மா சொம்பு சொம்பாக அவள் தலையில் ஊற்றியபோது பாஞ்சாலை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் மூட்டை அவள் முன்னால் வந்தது. மூன்றாம் நாள், பருப்பு நசுங்கியிருக்கிறது என்று படி இறங்கியது. அதில் அம்மா எந்தத் தப்பையும் பார்க்கவில்லை. வந்தவள் போய்விட்டாள், இருப்பது பாஞ்சாலை.

ஆடி மாதம் மறுபடி முத்துப் போட்டது. கழுத்தில் நாலு, முன்கையில் ஏழெட்டு, தொடையில் கொஞ்சம். காய்ச்சல் பெரிதாக இல்லை. அம்மை ஒரு தரம் வந்த உடம்புக்கு மறுதரம் வராதே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. முதல் தடவை வந்தபோது கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டு ஊற்றாமல் விட்டிருந்தாள். "கோவமா வந்துக்கிறா" என்று சொல்லிக் கையோடு கூழ் ஊற்றினாள். பாய் விரித்தாள். தாயே என்றாள். பக்கத்தில் படுத்தாள்.

அந்த ஆடியில்தான் நான் பார்த்தேன். அம்மா மில்லுக்குப் போயிருந்த மத்தியானம். சேலைத் தடுப்பில் ஒரு கிழிசல் இருந்தது. பாஞ்சாலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்து, வலது கட்டைவிரல் நகத்தால் அதன் தோலில் வேலை செய்துகொண்டிருந்தாள். வேலை என்றுதான் சொல்ல வேண்டும். மல்லாட்டை உடைக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. உதட்டைக் கடிக்கவில்லை, கண் கலங்கவில்லை. ஓர் இடம் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். கிழிசலில் என் கண்ணைப் பார்த்ததும் கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சரோ, அத்தகிட்ட சொல்லாதடி."

"எதுக்குடி இப்படிப் பண்ணிக்கிற? வலிக்கல?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். வலிக்கிறதா இல்லையா என்று அதுவரை அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை போலிருந்தது.

"தெரியல. கை சும்மா இருந்தா அதுவே போவுது. அத்த படுத்துக்கினா அப்பாலிக்கு போவறதில்ல."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அங்கேயே அழுதிருப்பாள், அல்லது ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். நான் இரண்டும் செய்யவில்லை. எனக்கு ஒரு ரெட்டை ரிப்பன் வேண்டியிருந்தது, சிவப்பில், வெல்வெட்டு. அம்மாவிடம் தீபாவளியிலிருந்து கேட்டு அலுத்துப்போயிருந்தேன். சாயங்காலம் அம்மா வந்து "இன்னா வோணும் தாயே" என்றபோது, பாஞ்சாலை தடுப்புக்கு அந்தப்புறம் நின்ற என் காலைப் பார்த்துக்கொண்டே, "சரோஜாவுக்குச் செவப்பு ரிப்பன் வாங்கிக் குடு" என்றாள். அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பச்சைப் பிள்ளைகள்மேல் அம்மனுக்கு எத்தனை ஆசை பார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் ரிப்பன் வந்தது. அதற்கு மறுநாள் பூந்தி வந்தது. கணக்குப் பரீட்சை அன்று சரோஜா பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அம்மன் சொன்னாள். நான் இரண்டு சடையிலும் சிவப்பு ரிப்பனை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் திரிந்தேன். எதிர்வீட்டில் மிஷின் தைக்கிற வஜீதா அக்கா, "இன்னாடி, கல்யாணமா?" என்று கேலி செய்தாள். அவளுக்கு நான் பழிப்புக் காட்டினேன்.

மூன்றாவது முறை ஐப்பசி கடைசியில் வந்தது. கார்த்திகை தீபத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. இந்தத் தடவை முத்து என்று சொல்ல முடியாது, புண்தான். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. கூழ் ஊற்றியும் அடங்காமல் வருகிறாள் என்றால் கூழில் தீர்கிற குற்றம் இல்லை அது. ஒரு மத்தியானம் பாஞ்சாலையின் காலடியில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடந்தாள். நான் கிழிசலுக்கு வெளியே இருந்தேன். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அழத் தெரியாதவர்கள் அழுவதுபோல, இருமல் வந்தவள் மாதிரி அழுதாள்.

"சரசு வந்தா தாயே. சீக்கோட வந்தா. இந்தப் பொண்ண இடுப்புல வச்சிக்கினு கீழ்பென்னாத்தூர்லருந்து பஸ் ஏறி வந்து கதவத் தட்டினா. அவரு மண்டிக்குப் போயிருந்தாரு. நான் உள்ளதான் இருந்தேன். அண்ணி, அண்ணின்னு கூப்ட்டா. அவ சீக்கு எம்புள்ளைக்கு ஒட்டிக்கும்னு நான் தெறக்கல தாயே. இருட்டற வரைக்கும் வாசல்லியே உக்காந்திருந்துட்டுப் போயிட்டா. நாலாம் நாள் செத்த சேதி வந்துச்சி. யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதுக்குத்தான் வந்திருக்கியா? சொல்லு. அதுக்குத்தானே?"

பாஞ்சாலை எழுந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்த பெண் அவள்தான். அந்தச் சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அம்மாவின் தலை அவள் காலடியில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் கையை நீட்டி, அந்தத் தடித்த நகம் படாமல் விரல்களின் பின்பக்கத்தால் அம்மாவின் தலைமுடியைத் தொட்டாள்.

"சரி," என்றாள். "படு."

அம்மா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. வெகுநாள் தூங்காதவள்போலத் தூங்கினாள்.

நான் எதையும் புரிந்துகொள்கிற நிலையில் இல்லை. அந்த அணைப்பை மட்டும் பார்த்தேன். அன்றைக்கே பாஞ்சாலையிடம் சொன்னேன்: "நாளைக்கு அம்மா கேட்டா, சரோஜாகூடப் படுன்னு சொல்லு." அவள் தலையாட்டினாள். மறுநாள் அம்மா கேட்டாள். "ஒன்னும் வோணாம். நீ இங்கியே இரு" என்றாள் பாஞ்சாலை. அம்மா வெளியே போனதும் உள்ளே பாய்ந்தேன். "சொல்றன்னு சொன்னியே?" அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ரிப்பன் வோணுமா, கேக்கறேன். கொலுசு வோணுமா, கேக்கறேன். அது முடியாது சரோ."

"அது எங்கம்மாடி!"

"தெரியும்," என்றாள். "தீபம் வரைக்கும். அப்பால நீயே வச்சிக்கோ."

அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். எட்டு நாள்.

தீபத்துக்கு வரும் கூட்டத்துக்குக் காலரா ஊசி போட வருஷா வருஷம் சுகாதாரக்காரர்கள் வருவார்கள். கோயிலைச் சுற்றி எந்த வீட்டிலாவது அம்மை இருந்தால் வந்து பார்த்து எழுதிக்கொண்டும் போவார்கள். எங்கள் வீட்டு வேப்பிலையைப் பார்த்து ஒருவர் நின்றார். சகாதேவன் என்று பெயர். காக்கிச் சட்டை, தோளில் தொங்குகிற தகரப் பெட்டி, வெற்றிலைச் சிவப்பேறிய பல். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "அம்மா கீற எடம் சார். செருப்பக் கழட்டிட்டு, கால் கழுவிட்டு வாங்க." அவர் மறு பேச்சில்லாமல் கழற்றினார், கழுவினார். பெரியம்மை காலத்திலிருந்து ஆயிரம் உடம்பு பார்த்தவர். பாஞ்சாலையின் கையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். எத்தனாவது தடவை என்று கேட்டார். மூன்றாவது என்றதும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"கொஞ்சம் திரும்பும்மா."

பாஞ்சாலை திரும்பினாள். அவள் முதுகின் நடுவில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையில், ஒரு கையகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு இல்லை. பங்குனியில் வந்த நிஜ அம்மையின் வெளுத்த தழும்புகள் மட்டும் இருந்தன. சகாதேவன் அந்த இடத்தையே பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவர் பெட்டியைத் திறந்து ஒரு களிம்பு டப்பாவைத்தான் எடுத்தார். "அம்மை இல்லம்மா இது. ஒரு மாதிரி சொறி. இத்தப் போடு, ஆறிடும்" என்றார். அவ்வளவோடு போயிருப்பார். அம்மாவும் அவரைத் திட்டிவிட்டுக் களிம்பை வீசியிருப்பாள். எட்டு நாளில் மூன்று நாள் கழிந்திருந்தது. இன்னும் ஐந்து.

"அவளேதான் சார் நகத்தால பண்ணிக்கிறா," என்றேன். "நான் பாத்தேன். ஆடியிலயும் பாத்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், பாஞ்சாலையைப் பார்த்தாள், அவள் தாவணிக்குள் மறைத்த வலது கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நகத்தடியில் ரத்தம் இருந்தது.

சகாதேவன் களிம்பைத் திண்டாட்டத்தோடு கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அடிச்சிடாதம்மா. இது திருட்டுத்தனம் இல்ல. இந்த வயசுப் புள்ளைங்கள்ல ஒன்னு ரெண்டு நானே பாத்திருக்கேன். உள்ள எங்கியோ அரிக்குது, கைக்கு எட்ற எடத்துல சொறிஞ்சிக்குது. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில மனசுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க. ஒருதரம் இட்டுக்கினு போ. அடிக்காத."

"அடிக்க மாட்டேன் சார்," என்றாள் அம்மா.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, பாஞ்சாலையின் எதிரில், அதே பாயில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தியா?"

"ஆமா அத்த."

"சரசு கதைய?"

"ஆமா."

"நீதான் சொன்னியா, சரின்னு?"

பாஞ்சாலை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நெசமாத்தான் சொன்னேன் அத்த. எனுக்குக் கோவம் இல்ல."

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சாமி மன்னித்திருந்தால் தாங்கியிருப்பாள், சாமி கண்ணைக் குத்தியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தன் வீட்டில் கூழ் குடித்து வளர்ந்த பெண் மன்னித்ததை அவளால் தாங்க முடியவில்லை. "ஒனக்கு யாருடி குடுத்தா அந்த அதிகாரம்?" என்று கேட்டாள். கத்தவில்லை. எழுந்துபோய் அப்பாவின் சவர பிளேடை எடுத்து வந்தாள். மண்டியிலிருந்து வந்த அப்பா என்ன, என்ன என்று கேட்டார். அம்மா சொல்லவில்லை. அவர் வாசலுக்குப் போனார்.

பாஞ்சாலை கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளே நீட்டினாள் என்றுகூடச் சொல்வேன். சதை தெரிகிறவரை நகத்தை வெட்டினாள் அம்மா, அதற்கு மேலும் வெட்டினாள். பாஞ்சாலை ஒரே ஒருமுறை "அம்மா" என்றாள். என் அம்மாவையா, செத்துப்போன அத்தையையா, சாமியையா, யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. வந்தவர்கள் யாரும் இல்லை. அப்புறம் அம்மா கொட்டகையிலிருந்து மூட்டையை இழுத்துவந்து அவள் முன்னால் அவிழ்த்தாள்.

"ஒடை, தாயே."

தீபத்தன்று ஊரே தெருவில் இருந்தது. மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் அரோகரா என்று எழுந்த சத்தத்தில் எங்கள் ஓடு அதிர்ந்தது. அகல் வரிசைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நான் உள்ளே ஓடி வந்தேன். அவளையும் கூப்பிடலாம் என்றுதான் வந்தேன். நம்பினால் நம்புங்கள். பாஞ்சாலை துணி சுற்றிய விரலால் முடியாமல் இடது கையாலும் பல்லாலும் உடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் ஊறியது சில பருப்புகளில் பட்டிருந்தது. அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பருப்புகளை மட்டும் பொறுக்கித் தனியாகப் போட்டாள். "மில்லுல எடுத்துக்க மாட்டாங்க, தாயே. பாத்து ஒடை."

அன்றிலிருந்து அவள் பெயர் அதுதான். "தாயே, மாட்டுக்குத் தண்ணி காட்டு." "தாயே, சாணி அள்ளு." அம்மா சிரிக்காமல் சொல்வாள். தெருப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சீக்கிரமே அவர்களும் சிரிப்பை மறந்துவிட்டார்கள், வெறும் பெயராகிவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வஜீதா அக்கா ஒருத்திதான் கடைசிவரை பாஞ்சாலை என்றாள். போகியன்று அம்மா அந்தப் பாயை நெருப்பில் போட்டாள். அதற்கப்புறம் அவள் பாஞ்சாலையை அடிக்கவே இல்லை. தொடவே இல்லை. சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் கிண்ணத்தை ஜன்னலில் வைப்பாள். பருப்பு நசுங்கினாலும் படி எழவில்லை. ஒருநாள் பாஞ்சாலை வேண்டுமென்றே ஒரு முறம் பருப்பை நசுக்கி அம்மாவின் எதிரில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்திப் பிடரியில் கையைக் கோத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அம்மா முறத்தை எடுத்து மாட்டுக்குக் கொட்டிவிட்டு வந்தாள்.

புண் மட்டும் மறுபடி வரவில்லை. ஆறிவிட்டது. குணமாகிவிட்டாள் என்று அப்பா மண்டியில் சொல்லிக்கொண்டார்.

எழுபத்தெட்டு பங்குனியில் ஊரில் மறுபடி அம்மை. ஒரு காலையில் எனக்குக் காய்ச்சலோடு விழிப்பு வந்தது. வயிற்றில் மூன்று முத்து. சாயங்காலத்துக்குள் நெஞ்சு, கழுத்து, முகம். எனக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது, ரிப்பன் கட்டுகிற வயது போய்விட்டது, ஆனாலும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "அம்மா!" என்று கத்தினேன். அம்மா ஓடி வந்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள், அவள் கை தன் கன்னத்தை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"திரும்பு," என்றாள்.

"அம்மா?"

"திரும்புடி."

திரும்பினேன். சட்டையைத் தூக்கி என் முதுகின் நடுவில் பார்த்தாள். அங்கே இருந்தது, எனக்கே தெரிந்தது, எரிந்தது. அவளுக்கு அது போதவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து வெளிச்சத்தில் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

குறை ஒன்றும் வைக்கவில்லை. வேப்பிலை செருகினாள். தாளிக்கவில்லை. புதுப்பாய் வாங்கி வந்தாள், இளநீர் வந்தது. அந்த வார்த்தையைத்தான் அவளால் என்னிடம் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை இந்த வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "எங்கிட்ட கொஞ்சம் படுத்துக்கோம்மா."

அம்மா பாயைப் பார்த்தாள். அதன் காலியான பாதியைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு விதமாக ஆனது. பயம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"எனுக்கு வேல கீது," என்றாள். "தாயே! இவளுக்கு வந்து வேப்பில வீசு."

பாஞ்சாலை வந்தாள். பதினாறு வயது. மெலிந்து, உயர்ந்து, ஒரு பேச்சும் இல்லாதவளாகியிருந்தாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து கொத்தை எடுத்து வருடினாள். அம்மா மில்லுக்குப் போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் குப்புறக் கிடந்தேன். கழுத்தில் வருடினாள், கையில் வருடினாள், எல்லா இடத்திலும் அடங்கியது. முதுகின் நடுவில் மட்டும் அடங்கவில்லை. தோளுக்கு மேலாகக் கையை வளைத்துப் பார்த்தேன், இடுப்புப் பக்கமாக விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. அரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நடுவுல," என்றேன். "அங்கதான். பாஞ்சால, நடுவுல."

அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டு ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. வேப்பிலை நின்றது. கொத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சட்டையை மேலே ஒதுக்கினாள். பிறகு இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், இருந்ததிலேயே பெரிய முத்தின்மேல், அவள் கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது. நகம் முளைத்திருந்தது. முன்னைவிடத் தடிப்பாக, முன்னைவிட வளைந்து. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

"இன்னா வோணும், தாயே?" என்றாள் பாஞ்சாலை.

அவள் குரலில் கேலி இருந்ததா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மூச்சை விட்டால் முதுகு உயரும், உயர்ந்தால் நகம் பதியும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, பாயின் கோரையைப் பார்த்தபடி கிடந்தேன்.